கல்லடி மணலில் அலங்காரக் கோவா: நிறம் ஏறாத ஒரு மாரியின் ஆய்வு

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடியில் ஒரு வீட்டு முற்றம். தைப்பொங்கலுக்கு வாசலின் இரு பக்கமும் ஊதாவும் வெள்ளையுமாக அலங்காரக் கோவாச் சாடிகள் வரிசையாக நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒக்டோபர் முதல் வாரத்தில் விதை போட்டாயிற்று. மார்கழி பிறந்தபோது செடிகள் நன்றாகக் கொழுத்து நின்றன. நிறம் மட்டும் இல்லை. "இது கறிக்கோவா மாதிரித்தானே கிடக்கு மனே" என்று வீட்டுத் தாய் சொன்ன நாளிலிருந்து காரணம் தேடும் வேலை தொடங்கியது. விதை தொடக்கம் பொங்கல் வரை என்ன நடந்தது, எது ஏன் பிழைத்தது என்பதை இந்த ஆய்வு வரிசைப்படுத்துகிறது.

செடி எது

நாம் சுண்டல் செய்யும் கோவாவும் இதுவும் ஒரே இனம், பிராசிக்கா ஒலரேசியா. அலங்கார வகை தலை கட்டாது. ஒரே தண்டின் உச்சியில் இலைகள் ரோசாப்பூ அடுக்குப் போல விரியும். ஜப்பானில் புத்தாண்டு வாசல் அலங்காரத்துக்கு இதையே வைக்கிறார்கள். விளிம்பு சுருண்ட 'நகோயா', அலை அலையாக அகன்ற 'ஒசாக்கா', இலை சீப்புப் போலப் பிளந்த 'பீக்கொக்', நெடுந்தண்டில் சிறு தலையோடு நிற்கும் 'கிரேன்' ஆகியவை விதைப் பக்கற்றுகளில் அதிகம் காணும் வரிசைகள். கல்லடியில் போட்டது சுருள் விளிம்பு வகை, நிறங்கள் கலந்த 50 விதைகள்.

பக்கற்றின் படத்தில் இருக்கும் நிறம் பூவின் நிறம் அல்ல, இலையின் நிறம். அதிலும் எல்லா இலைக்கும் வராது. குளிர் தொடங்கிய பின் குருத்திலிருந்து பிறக்கும் இலைகளும், அப்போது இளசாக இருந்தவையும்தான் நிறமேறும். அதற்கு முன்பே முற்றிய வெளி இலைகள் கடைசி வரை பச்சைதான். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் கணக்குகள் விளங்கும்.

விதைப்பு

கலவை: தும்புத்தூள் இரண்டு பங்கு, சலித்த கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. தும்புத்தூளை நேரே போடக்கூடாது. மட்டை ஊறிய நீரின் உப்பு அதில் தங்கியிருக்கும். வாளியில் நல்ல நீர் ஊற்றி ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து, இதையே மூன்று தடவை செய்தார்கள். கல்லடி, நாவலடி, காத்தான்குடிப் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் உவர்ப்பு ஏறும். மாரி மழை விழுந்த பிறகு நல்ல நீர் மேலே மிதக்கும். ஒக்டோபர் தொடக்கம் அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் கழுவவும் நாற்றுக்கு ஊற்றவும் கூரையிலிருந்து பிடித்த மழைநீரையே எடுத்தார்கள். கோவா இனத்துக்கு வேர் மண்ணின் சாற்றில் உப்பு மீற்றருக்கு 1.8 டெசிசீமன்ஸை (மின்கடத்து திறனைக் கொண்டு உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் வளர்ச்சி குறையத் தொடங்கும். நாற்றுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது.

விதையை 5 மில்லிமீற்றருக்கு மேல் புதைக்கவில்லை. மேலே கலவையை மெல்லத் தூவி, ஈரச் சாக்கால் மூடி, மூன்றாம் நாள் காலையில் சாக்கை எடுத்துவிட்டார்கள். இதில் ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிச்சம் தேடி நூலாக நீண்டுவிடும். பிறகு அதை நிமிர்த்துவது கடினம். நாலாம் நாள் தொடக்கம் ஆறாம் நாளுக்குள் 44 முளைத்தன.

அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. தட்டுகள் திண்ணை ஓரத்தில் கூரை நீர் தெறிக்கும் இடத்தில் இருந்தன. ஒன்பது நாற்றுகள் மண் மட்டத்தில் தண்டு இளகி, கருகிய நூல் போல மெலிந்து சாய்ந்தன. இது நாற்றழுகல். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரும் ரைசொக்டோனியா என்ற பூஞ்சையும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேரும்போது செய்யும் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழி இல்லை. அது நின்ற கலவையையும் சுற்றி இரண்டு அங்குலத்தையும் அகற்றி, தட்டுகளைத் தெளிவான பொலித்தீன் கூரையின் கீழ் மாற்றி, பக்கங்களைத் திறந்துவிட்டு, காலையில் ஒரு தடவை மட்டும் நீர் கொடுத்ததும் பரவல் நின்றது. நிலத்தில் நாற்றுமேடை போடுகிறவர்கள் வைக்கோலும் உமியும் அடுக்கி எரித்து மேடையைச் சுத்தம் செய்வது நம் விவசாயிகளுக்குப் பழக்கமான முறை. தட்டில் வளர்ப்பவர்களுக்கு அதற்கு ஈடு, கலவையின் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவைத்து இரண்டு நாள் கழித்து விதைப்பதுதான். அது இங்கே செய்யப்படவில்லை. ஒன்பது நாற்றுகள் போனதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் உண்மையிலை (முளையில் முதலில் விரியும் வித்திலைகளுக்குப் பின் வரும் இலை) விரியும்போது ஒரு பயனுள்ள அடையாளம் தெரியும். தண்டும் இலைக்காம்பும் ஊதா ஓடியிருந்தால் அந்த நாற்று சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு வகை. வெளிறிய பச்சையாக இருந்தால் வெள்ளை வகை. கலப்புப் பக்கற்று வாங்கியவர்கள் சாடிக்கு மாற்றும் முன்பே நிறம் பிரித்து வைக்கலாம். ஆனால் இந்த ஊதா நரம்பைக் கண்டு "நிறம் ஏறத் தொடங்கிவிட்டது" என்று நவம்பரில் நினைத்ததுதான் இந்த வீட்டின் முதல் தவறான முடிவு. அந்த ஊதா பிறவியில் வருவது. குளிரோடு அதற்குத் தொடர்பில்லை.

சாடியில்

மூன்று உண்மையிலை வந்ததும் சிறு சாடிக்கும், நவம்பர் இரண்டாம் வாரத்தில் எட்டு அங்குலச் சாடிக்கும் மாற்றினார்கள். ஒவ்வொரு மாற்றலிலும் தண்டை வித்திலை மட்டம் வரை கலவைக்குள் இறக்கினார்கள். வெப்பமான இரவுகளில் கோவா நாற்றின் கழுத்து நீண்டு போகும். புதைத்த தண்டு அழுகாமல் நின்றுகொள்ளும் என்பதால் இப்படிச் செய்தால் அடுக்கு சாடியின் விளிம்போடு அமரும். புதைக்காமல் விட்ட இரண்டு செடிகள் வாடைக்காற்றில் சாய்ந்து, தண்டு வளைந்தே வளர்ந்தன.

பூச்சி வந்தது சாடிக்கு மாற்றிய பிறகு. முதலில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு: இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, மேல்தோலைக் கண்ணாடிச் சன்னல் போல விட்டுவைக்கும், தொட்டால் துடித்து நூலில் தொங்கும். வெளி இலையில் இரண்டு மூன்று சன்னல் விழுந்தாலும் அழகுக்குப் பெரிய கேடில்லை. உண்மையான எதிரி குருத்துப் புழு. மெல்லிய பழுப்புக் கோடுகள் ஓடிய சிறு புழு நடுக்குருத்தில் நூல் கட்டி உள்ளே இருந்து தின்னும். கறிக்கோவாவில் நடுக்குருத்து போனால் பக்கத்தில் நாலைந்து சிறு தலைகளாவது கிடைக்கும். அலங்காரக் கோவாவில் அடுக்கு முழுவதும் அந்த ஒரு குருத்திலிருந்தே வருவது. அது போனால் செடியை வைத்திருப்பதில் பயனில்லை. ஐந்து செடிகள் அப்படிப் போயின. அதன் பிறகு மூங்கில் வளைவின் மேல் பழைய நுளம்பு வலையைப் போர்த்தி ஓரங்களை மண்ணில் புதைத்தார்கள். காலையில் குருத்தைப் பார்த்துப் புழுவைக் கையால் எடுத்தார்கள். வாரம் ஒரு தடவை, ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து மாலையில் தெளித்தார்கள். வலை போட்ட பின் ஒரு செடியும் போகவில்லை. வலையை நாற்றுக் காலத்திலேயே போட்டிருந்தால் அந்த ஐந்தும் மிஞ்சியிருக்கும்.

ஆக 30 செடிகள் தேறின. உரம்: பத்து நாளைக்கு ஒரு தடவை அல்பேர்ட் கரைசல், லீற்றருக்கு ஒரு கிராம். இடையில் இரண்டு தடவை யூரியாவும் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். டிசெம்பர் தொடக்கத்தில் ஒவ்வொரு செடியும் ஏறத்தாழ ஒரு அடி அகலம். வளர்ச்சியில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பச்சை ஏன்

சந்தேகிக்கப்பட்ட காரணங்கள் மூன்று: யூரியா கூடியது, வெயில் போதாதது, விதை ஏமாற்றியது. மூன்றுமே நியாயமான சந்தேகங்கள். தழைச்சத்து மிகுந்தால் அலங்காரக் கோவாவில் நிறம் பிந்தும், மங்கும். குளிர்நாட்டு வளர்ப்பாளர்கள் நிறமேறும் காலத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னர் உரத்தைக் குறைப்பது அதனால்தான். நிழலில் அடுக்கு தளர்ந்து விரிவதும் உண்மை.

டிசெம்பர் நடுப்பகுதியில் 30 செடிகளும் பிரிக்கப்பட்டன. எட்டுச் செடிகள் பழைய இடத்தில் பழைய உரத்தோடு. எட்டுக்கு உரம் முற்றாக நிறுத்தம், வெறும் நீர். எட்டு, உரம் நிறுத்தி முழு வெயில் விழும் மொட்டை மாடியில். மிச்சம் ஆறு, நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம் செய்யும் உறவினர் வீட்டுக்கு. மலையிலிருந்து கரட்டும் லீக்ஸும் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறியில், செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பதுளை வழியாக ஏறும் ஏ5 வீதியால் அவை போயின. முற்றத்திலும் மலையிலும் குறைந்தபட்ச வெப்பத்தைப் பதியும் வெப்பமானி ஒவ்வொன்று வைக்கப்பட்டது.

முடிவு தெளிவாக வந்தது. கல்லடியில் நின்ற 24 செடிகளில் ஒன்றின் நடுவிலும் நிறம் இல்லை. உரம் நிறுத்திய இரண்டு குழுக்களிலும் வெளி இலைகள் மஞ்சளடித்தன. சிவப்பு வகைகளின் பழைய இலை விளிம்பில் மங்கலான ஊதா படிந்தது. இதைப் பார்த்து உரம் நிறுத்தியது வேலை செய்கிறது என்று எண்ணுவது இலகு. ஆனால் பட்டினியால் வரும் ஊதா வெளியே, முதிய இலையில் தொடங்கும். குளிரால் வரும் நிறம் நடுவே, குருத்தில் தொடங்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்திருந்தால் உரத்தைக் குறைத்துச் செடியை வாட்ட வேண்டி வராது. நுவரெலியாவுக்குப் போன ஆறில், இரண்டாம் வார முடிவில் குருத்து வெளிறியது. நாலாம் வாரத்தில் சிவப்பு வகை நாலும் நடுவில் கடும் ஊதாவாகவும் வெள்ளை வகை இரண்டும் பாலாடை நிறமாகவும் விரிந்தன. ஒரே பக்கற்று விதை, ஒரே கலவை, ஒரே யூரியா. முக்கியமாக வேறுபட்டது இரவுக் குளிர்.

கல்லடி வெப்பமானி அந்த நாலு வாரத்தில் காட்டிய மிகக் குறைந்த அளவு 21 பாகை செல்சியஸ். அதுவும் மழை விட்ட ஒரு விடியற்காலையில். நுவரெலியாவில் பெரும்பாலான இரவுகள் 12 பாகைக்குக் கீழே இறங்கின. அலங்காரக் கோவாவுக்கு இரவு வெப்பம் 10 தொடக்கம் 13 பாகைக்குள் அல்லது அதற்கும் கீழே, தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் நிற்க வேண்டும். அந்தக் குளிரில் இளம் இலைக்குள் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. பச்சையம் உருவாவது குறைகிறது. சிவப்பு வகைகளில் அந்தோசயனின் என்ற நிறப்பொருளை உண்டாக்கும் மரபணுக்கள் விழிக்கின்றன. வெள்ளை வகையில் முதல் மாற்றம் மட்டும். அதனால்தான் அது வெளிறி நிற்கிறது, வேறு சாயம் ஏறுவதில்லை. வாடைக்காற்று நமக்குக் குளிர்வது ஈரத்தாலும் காற்றாலும். செடிக்குத் தேவையான குளிர் அதில் இல்லை.

ஐஸ்கட்டி போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சாடி மண் ஒரு மணி நேரம் குளிரும், வேர் அதிரும். குருத்து நிற்பது காற்றில், அந்தக் காற்று 23 பாகையில்தான் இருக்கும். பண்டாரவளை வரை ஏற்றினால் போதாதா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். பண்டாரவளை சுமார் 1,200 மீற்றர். கடலோரத்தில் இரவு 23 என்றால் அங்கே 15. நிறம் மங்கலாக எட்டிப் பார்க்கலாம், முழுதாக ஏறாது. நுவரெலியா 1,868 மீற்றர். கணக்குப்படி 11, வானம் தெளிந்த தை மாத இரவுகளில் அதற்கும் கீழே, சில விடியலில் தேயிலையில் உறைபனி விழும் அளவுக்கு. அம்பாறை உள்நாட்டிலும் கதை மாறாது. உகணையிலோ மகாஓயாவிலோ மாரி இரவு கடற்கரையைவிட ஓரிரு பாகை இறங்கலாம், அவ்வளவுதான்.

இறங்கி வந்த பிறகு

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னர் ஆறு சாடிகளும் கல்லடிக்கு வந்தன. முழு அழகு பத்து நாள் நின்றது. பிறகு நடுவில் ஒரு பச்சைக் குருத்து எழும்பியது. தை கடைசிக்குள் நிறமேறிய இலைகளும் பச்சை கலந்து மங்கின. வெப்பத்தில் புதிதாகப் பிறக்கும் இலை மீண்டும் பச்சையத்தோடு பிறப்பதே காரணம். நாளைத் தள்ளிப்போட ஓரளவு வழி உண்டு: காலை வெயில் மட்டும் விழும் இடம், உரம் முற்றாக இல்லை, நீர் மண்ணுக்கு மட்டும். வெட்டி ஜாடியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். ஆனால் நீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் அழுகிய கோவா மணம் வீட்டை நிரப்பும்.

விதை எடுக்கலாம் என்று கல்லடிச் செடிகளை வைத்திருப்பதும் வீண். இது ஈராண்டுப் பயிர். நீண்ட குளிரைக் கண்ட பிறகுதான் மஞ்சள் பூத்தண்டு எழும்பும். குளிர் காணாத செடி இலையாகவே கிடக்கும். பூத்தாலும் பக்கற்று விதைகள் பெரும்பாலும் முதல் தலைமுறைக் கலப்பினம் என்பதால் பிள்ளைச் செடி தாயைப் போல வராது.

மலைக்கு ஏற்ற முடியாதவர்களுக்கு

மாரியில் வாசலுக்கு இலை நிறம் வேண்டும் என்பதுதான் தேவையென்றால், நம் வெப்பத்திலேயே நிறமேறும் செடிகளைத் தேர்வதே சரி. முதலிடம் மூவர்ணக் கீரைக்கு, அமராந்தஸ் திரைகலர். நாம் சமைக்கும் தண்டுக்கீரையின் நெருங்கிய சொந்தம். உச்சி இலைகள் சிவப்பு, மஞ்சள், பச்சையாக விரியும். இதன் சிவப்பு அந்தோசயனின் அல்ல, பீட்டாலெயின். பீற்றூட்டில் இருப்பதும் அதுவே. அதற்குக் குளிர் தேவையில்லை, வெயில்தான் வேண்டும். கொழுத்த மண்ணில் நிறம் மங்கும் என்பதால் கல்லடி மணலோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டெரு போதும். விதை தூள் போன்றது. ஒரு பிடி உலர்மணலில் கலந்து தூவி, மூடாமல் பலகையால் அழுத்திவிட வேண்டும். ஆறு ஏழு வாரத்தில் நிறம் வரும். நவம்பர் கடைசியில் ஒன்று, பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று என்று இரு விதைப்பு நல்லது. மாரியின் குறுகிய பகலில் முதல் விதைப்பு விரைவாகப் பூவெடுத்து அழகு குறைந்தால் அடுத்தது கைகொடுக்கும். இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் எழுந்தால் அது வெண்துரு நோய். அந்த இலைகளை அகற்றி, செடிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, மாலையில் இலை மேல் நீர் விழாமல் பார்க்க வேண்டும்.

அலங்காரக் கோவாவின் தோற்றத்துக்குக் கிட்டவாக, பச்சை விளிம்பும் குங்கும நடுவுமாக வருவது கோலியஸ். தண்டைக் கிள்ளி நீரில் வைத்தால் பத்து நாளுக்குள் வேர் விடும். விதையில் தொடங்கினால் அதையும் மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூத்தண்டை எழும்பும்போதே கிள்ளினால் இலை கொழுக்கும். சாடி அடியில் நீர் தேங்கினால் இரண்டே நாளில் தண்டு கறுத்துவிடும். மாரியில் இதைக் கூரை ஓரத்தில்தான் வைக்க வேண்டும்.

அடுத்த மாரிக்கு

அதே வீடு அடுத்த தடவை அலங்காரக் கோவாவை விடப்போவதில்லை, எண்ணிக்கையை மட்டும் குறைக்கிறது. இந்த ஆய்வு காட்டிய ஒரு நல்ல பக்கமும் உண்டு. வெப்பத்தில் இலை வேகமாகப் பெருகும். அப்படிப் பெருத்த செடி குளிருக்குப் போனால் அடுக்கு பெரிதாக நிறமேறும். சிறு செடியாகவே குளிரைக் கண்டால் கையளவு அடுக்கோடு நின்றுவிடும். ஆகவே கல்லடியில் வளர்ப்பதும் நுவரெலியாவில் நிறமேற்றுவதும் சேர்ந்த முறை தவறானதல்ல. பொங்கலுக்கு மூன்று நாள் முன் இறக்க வேண்டுமென்றால் மலையில் நாலு வாரம் தேவை. ஏற்றும் நாள் டிசெம்பர் நடுப்பகுதி. அதற்கு முன் பத்து வாரம் வளர்ச்சி. விதைப்பு ஒக்டோபர் முதல் வாரம், இந்த வீடு போட்ட அதே வாரம்தான். மாற்றுவது சில: கொதிநீர் ஊற்றிய கலவை, முளைத்த நாளிலிருந்தே நுளம்பு வலை, நவம்பர் கடைசியோடு உரம் நிறுத்தம், யூரியா அறவே இல்லை. பதினெட்டு விதை போட்டு, பன்னிரண்டு செடியை ஏற்றுவது திட்டம். லொறியில் சாடிகள் உருளாமல் இருக்க மரக்கறிப் பெட்டிக்கு நாலு சாடி, இடையில் வைக்கோல், இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துப் பழைய பத்திரிகையால் தளர்வாகச் சுற்றல், ஏற்றும் நாள் காலையில் மட்டும் நீர்.

பச்சையாகவே நின்ற 24 செடிகளில் கடைசி வேப்பெண்ணெய்த் தெளிப்புக்குப் பின் இரண்டு வாரம் கழிந்திருந்தது. வெளி இலைகள் நார். நடு இலைகள் ஏழெட்டை மெல்லியதாக அரிந்து, சற்றே கசக்கும் என்பதால் தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் கூடவே போட்டுச் சுண்டலாக்கினார்கள்.